மூட்டு வலிக்கு மஞ்சள், சுக்கு, காலஹாரிக் கிழங்கு: டர்பன் வீடுகளுக்கான அளவும் முறையும்

தலைதட்டி அளந்த ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் சுமார் 3 கிராம் இருக்கும். அதில் மஞ்சளின் மருந்துப் பொருளான குர்குமினும் அதன் வகைப் பொருள்களும் ஏறக்குறைய 3 சதவீதம், அதாவது 90 மில்லிகிராம். முழங்கால் தேய்மானத்துக்கு மஞ்சளைச் சோதித்த ஆய்வுகள் பலவற்றில் நாளொன்றுக்குக் கொடுத்தது 1000 முதல் 1500 மில்லிகிராம் மஞ்சள் சாற்றுப்பொடி. தாய்லாந்தில் 367 பேரை வைத்து நடத்தி 2014-ல் வெளியிட்ட ஆய்வு அவற்றில் ஒன்று. 4 வாரம் தினமும் 1500 மில்லிகிராம் மஞ்சள் சாறு எடுத்தவர்களுக்கும், 1200 மில்லிகிராம் ஐபுபுரோஃபென் என்னும் வலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. மஞ்சள் எடுத்தவர்களுக்கு வயிற்றுத் தொல்லை குறைவு.

90-க்கும் 1500-க்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். குழம்பில் போடும் மஞ்சள் உணவு. மாத்திரையில் வரும் மஞ்சள் மருந்து. இரண்டுக்கும் பலன் வேறு, ஆபத்தும் வேறு. தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், வெருலம் பக்கத்து வீடுகளில் கைக்கு எட்டும் செடிகளை எப்படி எடுத்தால் அவற்றின் சத்து வீணாகாது, எங்கே கை வைக்கக் கூடாது என்பதை இங்கே அளவோடு சொல்கிறோம்.

அழற்சி எப்படி மூள்கிறது

காயம் பட்டாலோ, மூட்டு தேய்ந்தாலோ, கிருமி புகுந்தாலோ உயிரணுக்களுக்குள் சில விசைகள் திறந்துகொள்கின்றன. என்எஃப்-கப்பா-பி என்பது அவற்றில் பெரியது. அது திறந்ததும் டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற புரதங்கள் சுரந்து அக்கம்பக்கத்து உயிரணுக்களையும் உசுப்பிவிடும். காக்ஸ்-2 என்னும் நொதி பெருகி புராஸ்டாகிளாண்டின்களை உண்டாக்கும். அதனால் இரத்தக் குழாய் விரிந்து சிவப்பும் சூடும், நீர் கசிந்து வீக்கமும், நரம்பு கூர்மையாகி வலியும் வருகின்றன.

ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் காக்ஸ் நொதியை நேராக அடைக்கின்றன. ஆஸ்பிரினின் வேலை இதுதான் என்று ஜான் வேன் 1971-ல் காட்டினார். அந்த மாத்திரைக்கும் மூதாதை ஒரு செடிதான்: வில்லோ மரப்பட்டையில் உள்ள சாலிசின். ஆகவே செடியில் மருந்து உண்டு என்பதில் ஐயம் வேண்டாம். குர்குமினும் இஞ்சியின் ஜிஞ்செராலும் ஆய்வகத் தட்டில் வளர்த்த உயிரணுக்களில் என்எஃப்-கப்பா-பியை அடக்குகின்றன, காக்ஸ்-2-ஐக் குறைக்கின்றன. ஆனால் தட்டில் இருக்கும் உயிரணுவின் மேல் அந்தப் பொருளை நேராகவே ஊற்றுகிறார்கள். உங்கள் முழங்காலுக்குப் போக வேண்டுமானால் அது முதலில் கிழங்கிலிருந்து வெளியே வர வேண்டும், பிறகு அடுப்புச் சூட்டில் பிழைக்க வேண்டும், குடலைத் தாண்டி இரத்தத்தில் ஏற வேண்டும். நம் கையில் இருப்பது இந்த மூன்றும்தான்.

மஞ்சள்: எண்ணெய், மிளகு, புளி

குர்குமின் தண்ணீரில் ஏறக்குறைய கரையவே கரையாது, எண்ணெயில் கரையும். வெந்நீரில் மஞ்சளைக் கலக்கிக் குடித்தால் நிறம் மட்டும் மிதந்து போகும், பெரும்பகுதி அடியில் வண்டலாகத் தங்கிவிடும். இன்னொரு சிக்கல், உடம்பு அதைக் கழிக்கும் வேகம். குடல் சுவரும் ஈரலும் வந்தவுடன் அதை வேறு பொருளாக மாற்றி வெளியே தள்ளிவிடுகின்றன.

இங்கேதான் மிளகு உதவுகிறது. மிளகில் உள்ள பிப்பரின் அந்தக் கழிப்பு வேலையை மந்தமாக்கும். பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வு ஒன்று 1998-ல் வெளியானது. 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பிப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் ஏறிய அளவு 2000 சதவீதம் கூடியது. மாத்திரை விற்பவர்கள் பலர் இந்த எண்ணைப் பெட்டியில் அச்சடிக்கிறார்கள். ஆனால் மிளகு இல்லாதபோது இரத்தத்தில் இருந்தது கண்டுபிடிப்பதே கடினம் என்னும் அளவு. துளியின் இருபது மடங்கு சில துளிகள்தான். மிளகு சேர்ப்பது நல்லது, ஆனால் ஒரு கரண்டி மஞ்சளை அது மாத்திரையாக்கிவிடாது.

அளவு எளிது. மிளகில் சுமார் 5 சதவீதம் பிப்பரின் உண்டு. அப்போது இடித்த மிளகு கால் தேக்கரண்டி, அதாவது அரை கிராமுக்குச் சற்று மேல், போட்டால் 25 முதல் 30 மில்லிகிராம் கிடைக்கும். அதற்கு மேல் போட்டால் வயிறு எரியுமே தவிர வேறு பயன் இல்லை.

அடுத்தது அடுப்பு. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் மஞ்சளை நம் சமையல் முறைகளிலேயே வேகவைத்து அளந்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். குர்குமினில் 27 முதல் 53 சதவீதம் வரை அழிந்தது. மிக அதிகமாக அழிந்தது 10 நிமிடம் பிரஷர் குக்கரில் வைத்தபோது. துவரம்பருப்போடு சேர்த்து வேகவைத்தாலும் இழப்பு குறையவில்லை. புளி சேர்த்தபோது மட்டும் இழப்பு 12 முதல் 30 சதவீதத்துக்குள் நின்றது. குர்குமின் புளிப்பில் தாக்குப்பிடிக்கும், சுண்ணாம்பு, சோடா உப்பு போன்றவற்றின் காரத்தன்மையில் சிதையும் என்பதோடு இது ஒத்துப்போகிறது.

இதை டர்பன் அடுப்புக்கு மாற்றினால் வருவது இது. டோல் என்று நாம் சொல்லும் பருப்பை குக்கரில் வைக்கும்போதே மஞ்சள் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நிறத்துக்கு ஒரு சிட்டிகை போதும். மீதியைத் தாளிப்பில் போடுங்கள்: 1 மேசைக்கரண்டி எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, கறிவேப்பிலை பொரிந்த பிறகு தீயை மிகக் குறைத்து மஞ்சளைப் போட்டு, 20 முதல் 30 வினாடி கிளறி, உடனே பருப்பில் கொட்டுங்கள். பச்சை வாசம் போய்விடும், எண்ணெயில் கரையவும் நேரம் கிடைக்கும். எண்ணெய் புகையும்போது போட்டால் மஞ்சள் கருகிக் கசக்கும், அந்தக் கசப்பை எதுவும் எடுக்காது. மீன் குழம்பு, புளிக்குழம்பு, ரசம் ஆகியவற்றில் புளிக்கரைசலிலேயே மஞ்சளைக் கரைத்துவிடலாம். ஜலதோஷத்துக்கு வைக்கும் மிளகு ரசத்தில் புளி, மிளகு, மஞ்சள் மூன்றும் ஏற்கெனவே கூடி நிற்கின்றன. குறைவது எண்ணெய் மட்டும். தாளிக்கும்போது ஒரு தேக்கரண்டி நெய் கூட்டினால் அதுவும் நிறைந்துவிடும்.

சோடா உப்பு சேர்க்கும் பண்டத்தில் மஞ்சளின் மருந்துக் குணத்தை எதிர்பார்க்காதீர்கள். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் குங்குமச் சிவப்பாவது நமக்குத் தெரியும். குர்குமின் காரத்தன்மையில் மாட்டிக்கொண்டது என்பதற்கு அந்தச் சிவப்புதான் அடையாளம்.

தினமும் சமைக்க முடியாதவர்களுக்கு ஒரு விழுது:

மஞ்சள்தூள் 60 கிராம், தண்ணீர் 240 மில்லி, தேங்காய் எண்ணெய் 70 மில்லி, அப்போது இடித்த மிளகு 2 தேக்கரண்டி.

அடி கனமான சட்டியில் தூளையும் தண்ணீரையும் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் 7 முதல் 10 நிமிடம் விடாமல் கிளறுங்கள். தோசை மாவைவிடக் கெட்டியாகி, கரண்டி போன தடம் நிற்க வேண்டும். இறக்கி 5 நிமிடம் ஆறவிட்டு எண்ணெயையும் மிளகையும் சேர்த்து அடியுங்கள். எண்ணெய் தனியாகப் பிரிந்து நின்றால் விழுது அதிகம் வற்றிவிட்டது என்று பொருள். ஒரு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டு மறுபடி அடித்தால் சேர்ந்துகொள்ளும். மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் குளிர்பெட்டியில் வைத்து 2 வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஈரக் கரண்டி போட்டால் ஒரே வாரத்தில் பூசணம் பிடிக்கும். ஒரு தேக்கரண்டி விழுதில் சுமார் 1 கிராம் மஞ்சள் இருக்கும். ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி, நாளுக்கு மூன்று வேளை, சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் வேண்டாம். முதல் வாரம் ஒரு வேளை மட்டும் எடுத்து வயிறு ஏற்கிறதா என்று பாருங்கள்.

நாள்தோறும் வாழ்நாள் முழுவதும் உண்ணத்தக்க குர்குமின் அளவாக உலக நிபுணர் குழு வைத்திருப்பது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம். 60 கிலோ எடை உள்ளவருக்கு 180 மில்லிகிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி தூள். வீட்டு விழுதை அதற்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்த மஞ்சள்

பூசைக்கடையில் விற்கும் மஞ்சளைச் சாப்பிடக் கூடாது. அது உண்பதற்கென்று அரைத்ததல்ல. கஸ்தூரி மஞ்சள் முகத்துக்குப் பூசுவது. அது வேறு இனம், குர்குமினும் குறைவு. சமையலுக்கு விற்கும் பொட்டலத்தில் சில இடங்களில் போரி என்று ஆப்பிரிக்கான்ஸில் எழுதியிருக்கும். அதுவும் மஞ்சள்தான்.

கலப்படத்தில் மிகக் கொடியது ஈயக் குரோமேட். நிறம் பளிச்சென்று இருக்கத் தூளில் கலப்பார்கள். வங்கதேசத்தில் முழுக் கிழங்குக்கே அதைப் பூசி மெருகேற்றியது கண்டுபிடிக்கப்பட்டது. தண்ணீரில் போட்டுப் பார்ப்பது, உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பது எதுவும் ஈயத்தை நம்பிக்கையாகக் காட்டாது. அதற்கு ஆய்வகம்தான் வேண்டும். சிறு பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டில், தினமும் மருந்துபோல எடுப்பதற்குப் பச்சை மஞ்சள் வாங்கி நீங்களே உலர்த்துவதுதான் நிம்மதி. அதைவிட நல்லது வளர்ப்பது. குவாசுலு-நட்டால் கரையோரத்தில் மஞ்சள் தாராளமாக வரும்.

ஊர் நாட்காட்டியைப் பார்த்து நடாதீர்கள். தமிழ்நாட்டில் தைப் பொங்கலுக்கு மஞ்சள் அறுவடை. இங்கே தையில் நடுக்கோடை, செடி பச்சைப் பசேல் என்று நிற்கும். இங்கே நட வேண்டியது புரட்டாசி விரதக் காலத்தில், செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபருக்குள். இரண்டு கண் உள்ள 30 முதல் 40 கிராம் துண்டுகளை 5 சென்டிமீட்டர் ஆழத்தில், 25 முதல் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் வையுங்கள். மண் இல்லாதவர்கள் 20 லிட்டர் வாளியில் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டு, ஒரு வாளிக்கு ஒரு துண்டு வைக்கலாம். மஞ்சளைக் கெடுப்பது தேங்கும் தண்ணீர்தான். கோடை மழையில் வாளியில் நீர் நின்றால் கிழங்கு அழுகி, இலை நுனியிலிருந்து மஞ்சளித்துச் சாயும். மே முதல் ஜூலைக்குள் இலைகள் தானாகக் காய்ந்து படுத்த பிறகு தோண்டுங்கள். அதற்கு முன் தோண்டினால் கிழங்கு நீர்கோத்து, உலர்த்தும்போது சுருங்கிப் பாதியாகிவிடும்.

உலர்த்த: கழுவி, மூழ்கும் அளவு தண்ணீரில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வேகவையுங்கள். ஈர்க்குச்சி தடையில்லாமல் இறங்கினால் பதம். வெயிலில் 10 முதல் 15 நாள் காய்ந்து, ஒடித்தால் கணீரென்று முறிய வேண்டும். டர்பனின் ஜூன், ஜூலை வெயில் இதற்கு ஏற்றது, மழையும் குறைவு. பச்சைக் கிழங்கில் ஐந்தில் ஒரு பங்குதான் உலர்ந்து கிடைக்கும் என்பதால் 60 கிராம் தூளுக்கு 300 கிராம் பச்சை மஞ்சள் தேவை. அரைத்ததை வெளிச்சம் படாத டப்பாவில் வையுங்கள். வெயில் படும் சன்னல் ஓரத்துக் கண்ணாடிப் புட்டியில் குர்குமின் மெல்ல மெல்ல வெளுத்துவிடும்.

மாத்திரை எடுப்பதென்றால்

மருந்துக்கடைகளில் விற்கும் மஞ்சள் மாத்திரைகள் பலவற்றின் பெட்டியில், இந்தப் பதிவுபெறாத மருந்தின் தரத்தையும் பாதுகாப்பையும் பயனையும் தென்னாப்பிரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாஃப்ரா மதிப்பிடவில்லை என்று சிறிய எழுத்தில் இருக்கும். சட்டப்படி போட வேண்டிய வாசகம் அது. அதைப் படியுங்கள். பிறகு எத்தனை மில்லிகிராம் குர்குமினாய்ட் (குர்குமினும் அதன் வகைப் பொருள்களும்), எத்தனை மில்லிகிராம் பிப்பரின் என்று பாருங்கள். 500 மில்லிகிராம் மஞ்சள் என்று மட்டும் எழுதியிருந்தால் அது சாறு அல்ல, தூளைக் கூட்டில் அடைத்தது. உங்கள் அஞ்சறைப்பெட்டியில் இருப்பதேதான்.

செறிவூட்டிய மாத்திரையால் ஈரல் பாதிப்பு வந்த நோயாளிகள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பதிவாகியிருக்கிறார்கள். 2023-ல் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கென்று எச்சரிக்கையே விட்டது. பலருக்கு வருவதில்லை. சிலரது மரபணு அமைப்பு இதற்கு இடம் கொடுக்கிறது, பிப்பரின் சேர்ந்த மாத்திரைகளில் ஆபத்து கூடுகிறது. சிறுநீர் தேநீர் நிறமானாலோ, கண் மஞ்சளித்தாலோ, காரணமில்லாமல் அரிப்பும் சோர்வும் வந்தாலோ அன்றே நிறுத்திவிட்டு ஈரல் சோதனைக்குப் போங்கள். குழம்பு மஞ்சளுக்கு இந்தப் பயம் வேண்டியதில்லை.

இஞ்சியும் சுக்கும் ஒன்றல்ல

பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்செரால். உலரும்போதும் நீண்ட நேரம் கொதிக்கும்போதும் அதில் ஒரு பகுதி நீரை இழந்து ஷோகோல் ஆகிறது. சுக்கின் காரம் தொண்டையில் தங்கி நிற்பது அதனால்தான். ஆய்வகச் சோதனைகளில் அழற்சியை அடக்குவதில் ஷோகோல்தான் வலுவானது. ஆகவே வாந்தி உணர்வுக்குப் பச்சை இஞ்சியும், வலிக்குச் சுக்கும் எடுப்பது பொருத்தம்.

இஞ்சிக்கு நல்ல சான்று உள்ள இடம் மாதவிடாய் வலி. ஈரானில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து 3 நாள், நாளுக்கு நான்கு வேளை 250 மில்லிகிராம் இஞ்சித்தூள் எடுத்தவர்களுக்கு, வலி மாத்திரைகளான மெஃபனாமிக் அமிலமோ ஐபுபுரோஃபெனோ எடுத்தவர்களுக்குக் கிடைத்த அளவு ஆறுதல் கிடைத்தது. 250 மில்லிகிராம் என்பது ஒரு தேக்கரண்டியில் எட்டில் ஒரு பங்கு. முழங்கால் தேய்மானத்தில் பலன் உண்டு, ஆனால் சிறிது.

சுக்குக் கஷாயத்துக்கு ஒரு கிராம் சுக்குத்தூள், அதாவது தலைதட்டிய அரைத் தேக்கரண்டி, 250 மில்லி தண்ணீரில் மூடி போட்டு 10 நிமிடம் சிறு தீயில். மூடாமல் கொதிக்கவிட்டால் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும். வீடு மணக்கும், கோப்பையில் குறையும். பச்சை இஞ்சியானால் 5 கிராம், கட்டைவிரல் நுனி அளவு. நாளுக்கு மொத்தம் 4 கிராம் சுக்கைத் தாண்டாதீர்கள். தாண்டினால் நெஞ்செரிச்சல்தான் முதலில் வரும். சுக்கின் தோலைச் சீவி எடுப்பது நம் வீட்டு முறை. மண்ணும் பூசணமும் வெளுக்கப் பூசிய சுண்ணாம்பும் தோலில்தான் இருக்கும் என்பதால் அந்த முறையை விடாதீர்கள்.

காலஹாரிக் கிழங்கு

டுவில்ஸ்க்ளாவ் என்று ஆப்பிரிக்கான்ஸிலும், செங்காபரிலே என்று ட்ஸ்வானாவிலும் சொல்லும் கொடி. காயில் கொக்கிகள் நகம்போல் வளைந்திருப்பதால் பேய்நகம் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரும் உண்டு. காலஹாரி மணலில், நமீபியாவிலும் போட்ஸ்வானாவிலும் தென்னாப்பிரிக்காவின் வட மாநிலங்களிலும் வளர்வது. டர்பனில் முளைப்பதல்ல, விலைக்கு வருவது. முதுகு வலிக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் ஐரோப்பிய மருத்துவர்கள் இதை நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். மஞ்சளைப்போல இதற்கு எண்ணெய் வேண்டாம். இதன் மருந்துப் பொருளான ஹார்பகோசைட் தண்ணீரிலேயே இறங்கும்.

ஐரோப்பிய மருந்துநூல் கேட்பது உலர்ந்த கிழங்கில் குறைந்தது 1.2 சதவீதம் ஹார்பகோசைட். முதுகு வலி ஆய்வுகளில் பலன் தெரிந்த அளவு நாளுக்கு 50 மில்லிகிராமிலிருந்து. கணக்குப் போட்டால் 4.5 கிராம் கிழங்கில் 54 மில்லிகிராம். ஜெர்மானியக் கஷாய முறையும் அதே அளவைத்தான் சொல்கிறது: பொடியாக நறுக்கிய கிழங்கு 4.5 கிராம், அதன் மேல் கொதிநீர் 300 மில்லி, மூடி 8 மணி நேரம் அப்படியே வைத்து வடிகட்டி, மூன்றாகப் பிரித்து அன்றைக்கே குடிப்பது. இரவில் ஊற்றிவைத்தால் காலையில் தயார். அவசரப்பட்டு 10 நிமிடத்தில் வடித்தால் நிறம்தான் வரும். கசப்பு கடுமையாக இருக்கும், இருக்க வேண்டும். வாங்கி வந்த துண்டு நாக்கில் பட்டும் கசக்கவில்லை என்றால் அது வேறு ஏதோ. தேன் கலந்தாலும் கசப்பு முழுதாக மறையாது.

வாங்கும்போது ஒன்று கேளுங்கள். நல்ல முறையில் தோண்டுகிறவர்கள் பக்கக் கிழங்குகளை மட்டும் எடுத்துத் தாய்க் கிழங்கை மண் மூடி விட்டுவிடுவார்கள். தாய்க் கிழங்கையும் பிடுங்கினால் கொடி செத்துவிடும். டர்பன் வார்விக் சந்திப்பில் மூலிகைக்காரர்களிடம் கிடைக்கும் காட்டு இஞ்சிக்கும் இந்தக் கதிதான் நேர்ந்தது. குவாசுலு-நட்டாலில் காப்புக்காடுகளுக்கு வெளியே அது ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. தோட்டத்தில் வளர்த்தது என்று தெரிந்தால் தவிர அதை வாங்காதீர்கள்.

வயிற்றுப் புண், பித்தப்பைக் கல், கர்ப்பம் இருந்தால் காலஹாரிக் கிழங்கு வேண்டாம். பலன் தெரிய 4 வாரமாவது ஆகும்.

கை வைக்கக் கூடாதவை

இங்கே சாலையோரத்தில் வேம்பு என்று பலர் கொழுந்து பறிக்கும் மரம் பெரும்பாலும் வேம்பு அல்ல, சிரிங்கா என்னும் மலைவேம்பு இனம். கோயில் தோரணத்துக்குக் கட்டலாம், அரைத்துக் குடிக்கக் கூடாது. அதன் காய் நஞ்சு. வேறுபாடு இலைக்காம்பில் தெரியும்: வேம்பில் ஒரே காம்பின் இருபுறமும் இலைகள் நேராக அமைந்திருக்கும், சிரிங்காவில் காம்பு கிளைத்து அந்தக் கிளைகளில் இலைகள் இருக்கும். வேப்பம்பூ வெள்ளை, சிரிங்காப் பூ ஊதா. குளிர்காலத்தில் இலை உதிர்ந்த பிறகும் உருண்டை மஞ்சள் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கினால் அது சிரிங்காதான். உண்மையான வேப்பெண்ணெயையும் குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது. வலிப்பும் மயக்கமும் வந்திருக்கின்றன.

இரண்டாவது செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநிலப் பூ, குவாசுலு-நட்டால் புதர்களில் தானாகவே பூக்கும். கீல்வாத மாத்திரையான கோல்சிசின் இதன் விதையிலும் கிழங்கிலும் உண்டு, தமிழ்நாட்டில் அதற்காகவே பயிரிடுகிறார்கள். மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம். கிழங்கில் எவ்வளவு என்று எவராலும் கண்ணால் சொல்ல முடியாது, மருந்துக்கும் மரணத்துக்கும் இடைவெளி மிகக் குறுகியது. வள்ளிக்கிழங்கு என்று எண்ணிச் சமைத்தவர்கள் இறந்திருக்கிறார்கள். சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் வரும், பிறகு சற்றுத் தணிந்ததுபோல் இருக்கும், அதன் பின் சிறுநீரகமும் எலும்பு மஜ்ஜையும் ஒவ்வொன்றாக விழும். தின்றது தெரிந்தால் வாந்தி வரும்வரை காத்திருக்காமல் கிழங்குத் துண்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மாத்திரையோடு மோதும் இடங்கள்

வீட்டில் ஆயாவுக்கும் தாத்தாவுக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயம் என்று நாலைந்து மாத்திரை இருக்கும். மஞ்சள், இஞ்சி, காலஹாரிக் கிழங்கு மூன்றுமே இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரினோடு சேர்ந்தால் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. குழம்பளவு மாறாமல் இருந்தால் பிரச்சினை இல்லை. விழுதோ மாத்திரையோ கஷாயமோ தொடங்கினால் இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் சோதனை உடனே எடுக்க வேண்டும். கிராண்ட்பா தலைவலிப் பொடியைப் பலர் மருந்தாகவே எண்ணுவதில்லை, ஆனால் அதில் ஆஸ்பிரின் இருக்கிறது. அதைத் தினமும் எடுப்பவர் மேற்கொண்டு இவற்றைச் சேர்க்கக் கூடாது. அறுவை சிகிச்சைக்கு 2 வாரம் முன்பே எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

பிப்பரின் குர்குமினின் கழிவை மட்டும் தடுப்பதில்லை. வலிப்புக்கான ஃபெனிட்டாயின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், இரத்த அழுத்தத்துக்கான புரோபிரனலால் ஆகியவற்றின் அளவையும் இரத்தத்தில் ஏற்றிவிடும். மார்பகப் புற்றுக்குத் தமோக்சிஃபென் எடுப்பவர்களுக்கு, குர்குமினும் பிப்பரினும் சேர்ந்து அந்த மருந்தின் செயலைக் குறைப்பது அளந்து காட்டப்பட்டிருக்கிறது. காசநோய் மாத்திரைகள் ஈரலுக்கு ஏற்கெனவே பாரம், அந்த ஆறு மாதமும் மஞ்சள் மாத்திரை வேண்டாம். எச்ஐவி மருந்து எடுப்பவர்கள் எந்த மூலிகையையும் கிளினிக் தாதியிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள்.

பித்தப்பைக் கல் உள்ளவர்களுக்கு விழுதே ஆகாது. 20 மில்லிகிராம் குர்குமினே பித்தப்பையைச் சுருங்கவைக்கும், கல் நகர்ந்து அடைத்தால் பொறுக்க முடியாத வலி. சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் வந்தவர்களும் தள்ளி இருங்கள், மஞ்சளில் ஆக்சலேட் அதிகம். இரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை எடுத்தால் மஞ்சளுக்கும் அதற்கும் நடுவே 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், குர்குமின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும்.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது

ஒரே நேரத்தில் மூன்றையும் தொடங்கினால் எது உதவியது, எது வயிற்றைக் கெடுத்தது என்று தெரியாது. ஒன்றை மட்டும் எடுங்கள். தொடங்குவதற்கு முன் ஒரு வாரம், ஒன்றும் எடுக்காமலே, நோட்டில் மூன்று எண்களைத் தினமும் குறியுங்கள்: 0 முதல் 10 வரை வலி எவ்வளவு, காலையில் எழுந்ததும் மூட்டு இறுக்கம் எத்தனை நிமிடம், வலி மாத்திரை எத்தனை. பிறகு 8 வாரம் அதேபோல் குறியுங்கள். வலி எண் குறைந்தது இரண்டு புள்ளி இறங்கியிருந்தால் தொடரலாம். இறங்கவில்லை என்றால் அந்தச் செடி உங்களுக்கு ஆகவில்லை. அளவைக் கூட்டாமல் நிறுத்திவிட்டு, 2 வாரம் கழித்து அடுத்ததைப் பாருங்கள்.

காலை இறுக்கம் ஒரு மணி நேரத்தைத் தாண்டி, இரண்டு கை விரல் மூட்டுகளும் சேர்ந்தே வீங்கினால் அது தேய்மானம் இல்லாமல் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மெத்தோடிரெக்சேட் போன்ற மருந்து தாமதமில்லாமல் தேவை, ஏற்கெனவே எடுப்பவர்கள் மஞ்சளை நம்பி அதை விட்டால் மூட்டு கோணிவிடும், பிறகு நிமிராது. ஒரே மூட்டு திடீரென்று சிவந்து, தொட முடியாத சூட்டோடு, காய்ச்சலும் சேர்ந்தால் கிருமி புகுந்திருக்கலாம். கஷாயம் வைக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம் அது. போகும்போது நோட்டையும் மஞ்சள் மாத்திரைப் பெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள்.